மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா? காட்பாடியில் ஒரு பல் மருத்துவமனை

காட்பாடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், சித்தூர் சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் பல் மருத்துவமனைக்கு, கடந்த நான்கு மாதங்களில் என் தாயார், நான், என் மனைவி, எட்டு வயது மகன் என்று நால்வருமாகப் பன்னிரண்டு முறை சென்று வந்திருக்கிறோம். மதிப்புரை எழுதப் போகிறேன், பெயரைக் குறிப்பிடலாமா என்று கேட்டபோது, நோயாளிகளைக் கொண்டு விளம்பரம் தேடுவது தங்கள் தொழில்நெறிக்கு ஒவ்வாது என்று அங்குள்ள டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் சொல்லுக்கு மதிப்பளித்துப் பெயரைத் தவிர்க்கிறேன். இதில் எனக்கும் ஒரு வசதி உண்டு. குறைகளைத் தயக்கமில்லாமல் எழுதலாம்.

வேலூர் மருத்துவத்துக்குப் பெயர்போன ஊர். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி இன்று சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நெடுந்தொலைவு ரயிலில் உட்கார்ந்தே வந்து, மருத்துவக் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி காட்பாடி சந்திப்பில் இறங்கும் குடும்பங்களை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். இதயத்துக்கும் மூளைக்கும் அவ்வளவு தொலைவிலிருந்து மனிதர்கள் தேடிவரும் ஊரில் வாழ்கிற எங்கள் வீட்டில், பல்வலி என்றால் முதலில் திறக்கப்படுவது அஞ்சறைப்பெட்டிதான். கிராம்புக்கு வலி அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் யாரோ சொன்ன பல் கட்டும் கடை. மருத்துவருக்கு நான்காவது இடம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு பல்லை இழந்தேன். பேருந்து நிலையம் ஒன்றின் அருகே, கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த கடையில் அதற்குப் பதிலாக ஒரு பல் கட்டிக்கொண்டேன். என்ன படித்தீர்கள், பதிவு எண் உண்டா என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் சிறு கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தூள் ஒன்றைக் காரமான நெடி அடிக்கும் திரவத்தோடு குழைத்து, என் ஈறின்மீதே அப்பி, அது வாய்க்குள் சூடாகி இறுகும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். முன்னும் பின்னும் இருந்த பற்களில் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கழற்றவே முடியாத பல் என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. கழற்ற முடியாததால் அதன் அடியில் துலக்கவும் முடியவில்லை; சோறும் பருப்பும் தங்கித் தங்கி, கம்பி சுற்றிய இரண்டு நல்ல பற்களும் அந்தக் கம்பியின் ஓரமாகவே அரித்துப் போயின. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் வந்த நாளிலிருந்து இந்நாட்டில் இத்தொழிலுக்குப் பதிவு வேண்டும். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறியவரே இன்று பல் மருத்துவர். காட்பாடியில் வரவேற்பு மேசைக்கு மேல் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். இந்த முறை அதைப் படித்து முடித்த பிறகே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் தாயார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். மேல்தாடையின் வலப்பக்கக் கோரைப்பல் ஆடத் தொடங்கி, ஈறில் சீழ் வைத்து, ஒருநாள் காலையில் கன்னத்தோடு கண்ணுக்குக் கீழேயும் வீங்கியிருந்தது. அப்போதும் பல்லைப் பிடுங்க அவர் ஒப்பவில்லை. "மேல் பல்லப் புடுங்கினா கண்ணு பூடும்டா. எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் பூடுச்சி" என்பது அவர் வாதம். இந்தப் பேச்சை வடாற்காட்டில் கேட்காத வீடு இருக்காது. நானும் அதைப் பாதி நம்பித்தான் இருந்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை; மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. தம் சுழல் நாற்காலியை அம்மாவின் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க பெரியம்மாவுக்குப் பல்லு எடுத்தப்ப என்ன வயசு இருக்கும், பாட்டி?" என்று கேட்டார். நாற்பத்தைந்து, ஐம்பது இருக்கும் என்றார் அம்மா. "அதுக்கு முன்னாடியே அவங்களுக்கும் கண்ணுகிட்ட வீங்கிச்சா?" வீங்கியிருந்தது என்று அம்மா ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். பார்வையை மூளைக்குக் கொண்டு செல்வது இரண்டாவது மூளை நரம்பு. பல்லின் வலியைக் கொண்டு செல்வது ஐந்தாவது. அந்த ஐந்தாவது நரம்பு மூன்றாகக் கிளைத்து, முதற்கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும், இரண்டாவது மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உணர்வைத் தருகிறது. ஒரே நரம்பின் கிளைகள் என்பதால் மேல்பல்லின் வலி கண்ணோரம் வரை தெறிக்கும். ஆனால் பார்வை நரம்பு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே அன்று. வாயிலுள்ள வேர்களிலேயே மேல் கோரைப்பல்லின் வேர்தான் மிக நீளமானது. ஆகவே அதில் சீழ் வைத்தால் வீக்கம் மூக்கின் பக்கவாட்டில் ஏறிக் கண்ணின் கீழிமை வரை வந்துவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஈறு நோயால் பலருக்கும் பற்கள் ஆடத் தொடங்குகின்றன. வெள்ளெழுத்து வருவதும் அதே வயதில்தான். பெரியம்மா கண்ட வீக்கமும் உண்மை, பல் போனதும் உண்மை, பிறகு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் உண்மை. முடிச்சுப் போட்ட இடத்தில்தான் தவறு. சீழ் வைத்த பல்லை அப்படியே விட்டுவைத்தால் நோய்த்தொற்று கண்குழிக்கும், மிக அரிதாக மூளைப் பக்கமும் பரவலாம் என்பதையும் அவர் அச்சுறுத்தும் குரலில் அல்லாமல் சொன்னார்.

இந்த மருத்துவமனையை நான் மெச்சுவதற்கு முதற்காரணம் இதுதான். வாயில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நம்மிடையே வழங்கும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தவை. கண்டதைப் பொய் என்று சொல்லும் மருத்துவரை எழுபத்து நான்கு வயதுக்காரர் எப்படி நம்புவார்? கண்டது சரி, காரணம் வேறு என்று சொல்கிறவரிடம் அவர் வாயைத் திறக்கிறார்.

அன்றே பல்லை எடுத்துவிடவில்லை. சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருப்பதால் மரத்துப்போகச் செய்யும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது என்றும், வீக்கமாக இருக்கும்போது பல்லைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஊரில் சொல்வதற்குள் இருக்கும் உண்மை அவ்வளவுதான் என்றும் விளக்கி, சீழை வடித்துவிட்டு மருந்து கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குப் பல் எடுத்தால் புண் ஆறாது என்ற அச்சத்துக்கு விடையாக மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவரச் சொன்னார். அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது, ஆகவே சர்க்கரைக்காரர்தான் பல்லைத் தள்ளிப்போடக் கூடாதவர் என்பது அவர் கருத்து. அடுத்த முறை சென்றபோது ஒரு திட்டு விழுந்தது. இரத்தம் நிற்காமல் போகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, இதயத்துக்காக அன்றாடம் போட்டுக்கொள்ளும் ஆஸ்பிரினை அம்மா மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்தார். பல்லிலிருந்து வரும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம், இதயக் குழாயில் கட்டும் இரத்தத்தை நான் என்ன செய்வேன், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார்.

பல்லை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஈறில் மடித்து வைத்த துணியைக் கடித்தபடி எழுந்த அம்மா, வழக்கம்போலத் துப்புவதற்குத் தொட்டியைத் தேடினார். உதவியாளர் பெண் ஓடிவந்து, "துப்பாதீங்க பாட்டி, எச்சிய முழுங்குங்க" என்றார். பல் இருந்த குழியில் உறையும் இரத்தம்தான் ஆறுவதற்கான அடித்தளம். துப்பினாலும், வாய் கொப்பளித்தாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். உப்பு நீரில் கொப்பளிப்பது நல்லதே, ஆனால் 24 மணி நேரம் கழித்து. எங்கள் வீட்டில் இதுவரை பல் எடுத்த அனைவரும் அன்றைக்கே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தவர்கள். அத்தனை பேரும் இரவெல்லாம் இரத்தம் கசிந்ததாகவே சொல்வார்கள். மறுநாள் காலையில் அம்மா கூடத்தின் ஒரு மூலையில் நின்று, எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் இராகு காலத்தை, முதலில் வலக்கண்ணை மூடிக்கொண்டும் பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டும் படித்துப் பார்த்தார். ஒரு வாரம் இந்தச் சோதனை தொடர்ந்தது.

என் முறை பல் சுத்தம் செய்வதில் தொடங்கியது. நான் இராணிப்பேட்டையில் தோல் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழும், பல்லின் மேலுறையான எனாமல் உரிந்துவிடும் என்பது எங்கள் அலுவலகத்தில் மேலாளர் முதல் காவலாளி வரை ஒருமனதாகச் சொல்லும் அறிவுரை. டாக்டரம்மா என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, சிறு கண்ணாடி ஒன்றை வாய்க்குள் சாய்த்துப் பிடித்து, கீழ் முன்பற்களின் பின்புறத்தைக் காட்டினார். நாற்பத்தாறு ஆண்டுகளாக என் வாயில் இருந்தும் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத இடம் அது. ஆறு பற்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. மஞ்சளும் பழுப்புமாக ஒரே மதிலாக இருந்தது. நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரந்து கொட்டும் வாய் அவ்விடத்தில்தான் இருக்கிறது என்பதால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து அங்கேதான் காரை மிகுதியாகக் கட்டும் என்றார். கருவியின் நுனி நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறதாம். அது சுரண்டுவதில்லை, காரையை அதிரவைத்துப் பெயர்க்கிறது. சூடாகாமல் இருக்க நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. நொய்யரிசி அளவில் ஒரு துண்டு பெயர்ந்து நாக்கின்மேல் விழுந்தது. அதை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை.

வேலை முடிந்ததும் இடைவெளி விழுந்தது உண்மைதான். நாக்கு இரண்டு நாள் ஓயாமல் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. ஆனால் இவ்விரண்டும் நடக்கும் என்று கருவியைத் தொடுவதற்கு முன்பே சொல்லியிருந்தார். காரையின் அடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கிப் போயிருந்தன. காரை அந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டு பல்லைத் தாங்குவது போல நடித்துக்கொண்டே அடிமண்ணைத் தின்றுகொண்டிருந்தது. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல். அதை இந்தக் கருவி உரித்துவிடாது. அதைத் தேய்த்தவன் நான்தான். பல் துலக்குவதைத் தரை துடைப்பதுபோல் குறுக்காக, முரட்டு பிரஷால் செய்து வந்ததில், ஈறோரம் அரிவாளால் கொத்தியது போன்ற வடுக்கள் மூன்று பற்களில் இருக்கின்றன. இளவயதில் எங்கள் வீட்டில் உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். வெள்ளை வெளேரென்று தெரிந்ததெல்லாம் தேய்மானத்தின் வெள்ளை. (ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியைச் சொல்லி வேப்பங்குச்சியை உயர்த்துகிறவர்கள் பலர். அதில் வரும் வேல் வேம்பன்று, கருவேல். குச்சியை மென்று நாராக்கி மெதுவாகத் துலக்கினால் கெடுதல் இல்லை என்றே டாக்டரம்மாவும் சொன்னார். பல்லிடுக்குக்கு அது எட்டாது, பல் அரிப்பைத் தடுக்கப் பற்பசையில் சிறிதளவு சேர்க்கும் ஃபுளூரைடும் அதில் இல்லை.) துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைத்திருந்ததும் நேர்மாறானது. அழுக்குத் தங்கிய இடமே இரத்தம் கசியும். விடாமல் மென்மையாகத் துலக்க வேண்டிய இடமும் அதுவே.

பழைய கம்பிப் பல்லை வெட்டி எடுத்தபோது கிளம்பிய நாற்றத்தை விவரிக்க மாட்டேன். அதற்குப் பின்னால் இருந்த பல்லில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று இரவு தூங்கவிடாத வலி வந்து, மருந்துக்கடை மாத்திரையில் தானாக நின்றுபோனது. குணமாகிவிட்டது என்றே இருந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் மிளகளவு கருநிழல் தெரிந்தது. வலி நின்றது நோய் தீர்ந்ததால் அன்று. உள்ளே இருந்த நரம்பும் இரத்தக் குழாயும் செத்துப்போனதால். வலிக்க ஆள் இல்லாத வீட்டில் கிருமிகள் இரண்டு ஆண்டுகள் குடியிருந்திருக்கின்றன. எக்ஸ்ரே என்றதும் கதிர்வீச்சு என்று நானும் தயங்கினேன். ஒரு பல்லுக்கான சிறு படத்தில் உடம்பில் சேர்வது ஏறத்தாழ 5 மைக்ரோசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் ஒவ்வொரு மனிதருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவெர்ட் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று அறிந்த பின், ஒருநாள் வாழ்வதைவிட இது பெரிதில்லை என்று தேறினேன்.

பல்லைப் பிடுங்காமல் வேரின் உட்புறத்தைத் துப்புரவு செய்து அடைக்கும் வேர் சிகிச்சை என்றால் நரக வேதனை என்று பெயர். எனக்கு இரண்டு அமர்வுகளிலும் வாயை ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்த தாடை வலி தவிர வேறொன்றும் தெரியவில்லை. நீலநிற ரப்பர் விரிப்பில் ஒரு துளையிட்டு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி பொருத்திவிடுகிறார்கள். எச்சில் உள்ளே போவதும் இல்லை, மருந்து தொண்டைக்குள் இறங்குவதும் இல்லை. துப்புரவு செய்த வேர்க்குழாயில் அடைக்கும் பொருள் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போர்த்தியதும் அதைத்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. வலியைவிட விலைதான் நம்மைப் பிடுங்கும் பக்கம் தள்ளுகிறது என்பதால், கணக்கையும் எழுதிவிடுகிறேன். பிடுங்க 600 ரூபாய். வேர் சிகிச்சைக்கு 3,500. முதற்பார்வையில் முடிவு தெளிவு. ஆனால் காப்பாற்றினால், ஏற்கெனவே இருந்த இடைவெளிக்கு, இருபக்கப் பற்களையும் செதுக்கி அவற்றின்மேல் உறைபோல் மாட்டி நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்கவைக்கும் மூன்று பல் பாலம் போதும். பல்லுக்கு 4,500 வீதம் 13,500, ஆக மொத்தம் 17,000. பிடுங்கியிருந்தால் இடைவெளி இரண்டு பல்லாகி, நான்கு பல் பாலத்துக்கு 18,000, பிடுங்கிய கூலியோடு 18,600. அதோடு, எந்தக் குறையும் இல்லாத இன்னொரு பல்லைச் செதுக்கியாக வேண்டும். பிடுங்குவது மலிவு என்பது அன்றைய பேரேட்டுப் பக்கத்தில் மட்டும் சரியாக வரும் கணக்கு.

மகனை அழைத்துச் சென்றது, கீழே ஒரு பல்லில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்ததால். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று ஆறு மாதம் விட்டிருந்தோம். அது பால்பல்லே இல்லை. பால்பற்கள் இருபது, அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஆறு வயதில் முதல் நிலையான கடைவாய்ப்பல் ஓசையில்லாமல் முளைத்துவிடுகிறது. எதுவும் விழவில்லை என்பதால் பெற்றோர் கவனிப்பதில்லை. பால்பல்லாகவே இருந்தாலும் கடைவாயில் உள்ளவை பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று, கீழே வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியவை. முன்கூட்டிப் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வழியை அடைத்துவிடும். உடன் வந்திருந்த அம்மா, பூச்சி அரித்திருக்கிறது என்றார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று அவர் சிறுமியாக இருந்தபோது செய்ததையும் விவரித்தார். டாக்டரம்மா அதையும் முழுமையாகக் கேட்டுக்கொண்டார். 1890இல் மில்லர் என்னும் ஆய்வாளர், வாயிலுள்ள கிருமிகள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கிய பிறகு பூச்சிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு முறை தின்ற பிறகும் அமிலம் அடங்க அரை மணி நேரமாவது ஆகும் என்பதால், எவ்வளவு தின்கிறான் என்பதைவிட எத்தனை முறை தின்கிறான் என்பதே முக்கியம். எல்லாப் பழியையும் சாக்லேட்டின்மேல் போட்டிருந்த நான், டியூஷனுக்குப் போகும் வழியெல்லாம் அவன் கொறிக்கும் பிஸ்கட்டை எண்ணியதே இல்லை.

என் மனைவி திருப்பத்தூர் பக்கம். முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சரியாகத் துலக்காதவர் என்று பிறர் நினைப்பார்களோ என்று புகைப்படத்தில்கூட வாயை மூடிக்கொள்வார். குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்த ஊர்களில், எனாமல் உருவாகும் சிறுவயதிலேயே உள்ளிருந்து ஏறும் கறை அது. எவ்வளவு தேய்த்தாலும், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது நம் நாட்டில் வகுத்துள்ள உச்சவரம்பு. தேய்ப்பதற்குப் பணம் வாங்காமல், விருப்பமிருந்தால் மேற்பூச்சு வைக்கலாம், அவசரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனிக் குறைகள். முன்பதிவு நேரம் என்பது அங்கே வெறும் சம்பிரதாயம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்றால் ஏழுக்குக் குறைந்து உள்ளே போனதில்லை. நோயாளியிடம் இவ்வளவு பேசுகிற மருத்துவருக்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும் என்பது புரிகிறது. அப்படியானால் இரண்டு பேரைக் குறைத்து எழுதிக்கொள்வதே முறை. என் பாலம் முதன்முறை வந்தபோது மற்றப் பற்களைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருந்தது. மறுபேச்சின்றித் திருப்பி அனுப்பி மாற்றித் தந்தார்கள், ஆனால் அதற்காக அரைநாள் விடுப்பு போயிற்று. ரசீது கேட்டால் உடனே தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. அத்தனை பொறுமையாகத் தமிழில் விளக்கிவிட்டு, பல் எடுத்த பின் என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று கையில் கொடுத்தனுப்பும் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. துப்பாதீர்கள் என்ற ஒரு சொல்லைப் படிக்க என் தாயார் நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தமிழில் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் சொன்னார்கள். போன வாரமும் ஆங்கிலத் தாளே வந்தது.

மின்தூக்கி இல்லாத முதல் மாடி என்பதையும் வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். இருபத்திரண்டு படிகள், ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி. வார நாட்களில் முற்பகலில் கூட்டம் குறைவு. அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இன்னொரு பல் ஆடுகிறது. இம்முறை கண்ணைப் பற்றிய பேச்சு எழவில்லை. "முட்டி வலிக்குதுடா, அந்தப் படிய யாரு ஏறுவா" என்பதுதான் இப்போது அவர் கேள்வி. புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.